வெயிலுக்கு நேர்ந்துவிட்ட உடம்பு

இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்கள். திறப்பு முதுகில் கிடக்கும், முதுகுப்பக்கம் நெஞ்சை மூடியிருக்கும். கல்யாணமாகி மலேசியாவில் இருக்கும் கிள்ளானுக்கு வந்த புதிதில், சிக்னலில் வரிசையாக இப்படி நின்றவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அவசரத்தில் தப்பாக மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து தப்பாக மாட்டுமா என்று அப்புறம்தான் உறைத்தது. கையும் நெஞ்சும் வெயிலில் கருகக்கூடாது, காற்றும் அடிக்கக்கூடாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு என்றார் என் கணவர் மணியம். அருப்புக்கோட்டை வெயிலில் வளர்ந்தவளுக்கு இது பெரிய வேடிக்கை. பாதி நாள் மேகம், மீதி நாள் மழை, இந்த வெயிலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள்.

இப்போது சிக்னலில் யாராவது சிரிக்க வேண்டுமென்றால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். மணிக்கட்டு வரை மூடிய சட்டை, கழுத்தைச் சுற்றித் துணி, கையில் கறுப்புக் குடை, முகத்தில் சன்ஸ்கிரீன். என் நிறத்துக்கு அந்தப் பூச்சு ஒட்டவே ஒட்டாது. மாவு சலித்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவள் மாதிரி சாம்பல் பூத்துப்போய், கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கணக்கு அலுவலகத்துக்குப் போகிறேன். மழை மேகம் கவிந்து கிடக்கும் நாளிலும் இந்த வேஷம் மாறாது. ரயிலில் எதிரே உட்காரும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆசை யாரை விட்டது என்று அவர்கள் கண்ணிலேயே எழுதியிருக்கும்.

எனக்கு இருப்பது லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே உடம்பை அடிக்கிற வியாதி. மூட்டு வலியும் ஓயாத களைப்புமாக இரண்டு மூன்று கிளினிக் ஏறி இறங்கி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொன்னார். வெயில் பட்டால் இந்த வியாதி சீறிக்கொண்டு எழும், தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும் என்றார். கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று மணியம் இடையில் புகுந்து சொன்னபோது, கறுப்புக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டுதான், ஆனால் இவர் நோய்க்கு அது போதாது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். கூடவே வைட்டமின் டி மாத்திரையும் எழுதினார். வெயிலை ஒதுக்கினால் எலும்பு வேறு கேள்வி கேட்குமாம்.

வெயில் நல்லதா கெட்டதா என்று பேச வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். காலை வெயிலில் நில்லுங்கள், எல்லா நோயும் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒருவர் அனுப்புகிறார். வெயிலே படாதீர்கள், தோல் சுருங்கும் என்று இன்னொருவர் அனுப்புகிறார். இரண்டு பேரும் யார் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்வதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி வீட்டு வாசலில் காரேறி, கட்டடத்தின் அடித்தளத்தில் இறங்கி, மறுபடி அங்கேயே ஏறிப் போகிறவள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு வெயில் போதாமல் எலும்பு வலிக்கிறது என்று மாத்திரை சாப்பிடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே கட்டடம் கட்டுகிற பங்களாதேஷ்காரர்கள் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வேகிறார்கள். அவளுக்குக் கொஞ்சம் வெயில் வேண்டும், அவர்களுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. நான் சொல்வதை ஒருவராவது நம்ப வேண்டும்.

பக்கத்து மேசைச் சீனத்தோழி ஒருநாள் நான் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “யூ ஆல்ரெடி நைஸ் கலர் லா, வொய் மஸ்ட் பி வொய்ட்?” என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். தன் டாக்டரும் அதேதான் சொல்கிறார் என்று ஒரு முகச்சுருக்கக் கிரீமின் பெயரை எழுதிக் கொடுத்தாள். மருந்துக்கடைக்குப் போய் சன்ஸ்கிரீன் கேட்டால், அங்கே நிற்கும் தமிழ்ப் பெண் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதோடு வெளுப்புக் கிரீமும் எடுத்துக்கோங்கக்கா, சீக்கிரம் கலர் தெரியும் என்கிறாள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஊரில் நான் கறுப்பி. சின்ன வயதில் தெருவில் விளையாடினால் அம்மா வாசலில் நின்று கத்துவது, வெயிலில் ஆடாதே, இன்னும் கறுத்துத் தொலைப்பாய் என்றுதான். மயங்கி விழுந்துவிடுவாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, என் தங்கை கவிதாவைக் காட்டி, இவள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சமயத்தில்தான் தூரத்துச் சொந்தம் ஒருவர் மூலம் கிள்ளானிலிருந்து மணியத்தின் அம்மா, என் அத்தை, வந்தார். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் பொறுக்கிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். கூடத்தில் கூனிக்குறுகி நின்ற என் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, “எங்க வீட்ல எல்லாரும் இந்தக் கலர்தான்மா. வெளக்கு போட்டாத்தான் தெரிவோம்” என்று சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காக அவர் என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன். கேட்டேன் என்பதுதான் என் கதை.

வியாதி வந்தது தெரிந்ததும் அத்தை உருகிப்போனார். எனக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய், மருமகளுக்கு உடம்பு தேறினால் அவள் கையாலேயே பால்குடம் எடுப்பாள் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மருந்தில் வலி அடங்கி நான் நடமாட ஆரம்பித்ததும் அந்த வருஷத் திருவிழாவும் வந்தது. வெயிலில் போகக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்றார்கள். விடியும் முன்பே குளித்து, மஞ்சள் சேலை கட்டி, சன்ஸ்கிரீன் குப்பியை எடுத்தபோது அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மனுக்கு எடுக்கிறவ ஒடம்புல மஞ்சளும் திருநீறும்தான் இருக்கணும்மா. இந்தப் பூச்செல்லாம் நாளைக்குப் போட்டுக்கோ.”

விரதத்தில் பவுடர் இல்லை, சென்ட் இல்லை, பூச்சும் இல்லை. அவருக்கு எல்லாம் ஒரே கணக்கு. மணியத்தைப் பார்த்தேன். ஒரு நாள்தானே லா, ஒன்றும் ஆகாது என்றார். பால்குடம் எடுக்கிறவள் குடை பிடிக்கும் வழக்கமும் இல்லை. இதே அத்தை தோட்டத்து வேலைக்குப் போன காலத்துப் படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, கைலிக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை. வெயில் என்ன செய்யும் என்று அவருக்கா தெரியாது? வேலைக்குப் போனால் வெயில் சுடும், சாமிக்குப் போனால் சுடாது என்று நம்பினார்.

காலையில் புறப்பட வேண்டிய ஊர்வலம், பூமாலை மரியாதை வாங்கிக்கொள்ள வேண்டிய பிரமுகர் வந்து சேராததால் காத்து நின்றது. உறுமி மேளம் அடித்தவர்களே களைத்துப்போய் ஐஸ் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நாங்கள் ஆற்றங்கரையில் தலையில் குடத்தோடு நின்றோம். அவர் வந்து, பேசி, படம் எடுத்து முடித்தபோது உச்சி வெயில். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தோம். பாதம் கொதித்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, எல்லோருக்கும் கொதித்தது. முகத்தில் மட்டும் உள்ளேயிருந்து ஏதோ கிளம்பி வருவது போலிருந்தது.

சாயங்காலம் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் தடித்துச் சிவந்து கறுத்துப் படர்ந்துவிட்டது. காய்ச்சலும் வந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மை போட்டிருக்கிறது, அம்மனே வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றார். படுக்கையைச் சுற்றி வேப்பிலை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மை கண்ட உடம்புக்கு மருந்து கொடுக்கலாமா? என் மாத்திரைகளை எல்லாம் அத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இது அம்மை இல்லை, என் வியாதி என்று எத்தனை முறை சொன்னேன் தெரியுமா? காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று இளநீர் கொடுத்தார்கள். என் கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் மணியம் பயந்துபோய்க் காரை எடுத்தார்.

மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். மணியம் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் வழக்கம் என்றார். டாக்டரம்மாவுக்கு அது மருந்தே வேண்டாமென்று கோயிலை நம்பிப் போகிறவர்கள் கதையாகப் பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, சாமியும் கும்பிடுங்கள், மருந்தும் சாப்பிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சொன்னார்! சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது என்பதையும் அதே மெதுவான குரலில்தான் சொன்னார். குழந்தைப் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று மணியத்திடம் மலாயில் சொன்னார். அதை மட்டும் மணியம் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கவிதாவுக்கு வரன் பார்க்கிறார்கள். அக்காவுக்கு ரத்தத்தில் வியாதியாம் என்று ஒரு சொல் போனால் போதும், காரியம் கெட்டுவிடும். மருந்தில் ஊதிய கன்னமும் நிழலிலேயே இருந்து வெளிறிய முகமும் வீடியோவில் அம்மாவுக்குச் செழிப்பாகத் தெரிகிறது. மலேசியாத் தண்ணீர் ஒத்துக்கொண்டது, கலர் ஏறியிருக்கிறாய், என்ன கிரீம், கவிதாவுக்கும் ஒன்று அனுப்பு என்கிறாள். பெற்றவள் என் முகத்தைப் பார்த்து முதல்முறையாகச் சந்தோஷப்படுகிறாள். அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். கண்ணில் நீர் கோத்திருந்தது. மறுபடி நேர்ந்திருப்பதாகச் சொன்னார். நான் பிழைத்து வந்தால் இந்த வருஷமும் என் தலையிலேயே பால்குடம் வைப்பதாக.

“நான் எடுக்க மாட்டேன் அத்தை. அம்மனே வந்து கேட்டாலும் எடுக்க மாட்டேன்” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, வாசற்படியில் நின்று சொன்னார்.

“கறுப்பா இருந்தப்பதான் உன்னக் கேட்டு வந்தோம். இப்ப யாருக்கு வெளுக்கிற?”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. என் நிறத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாத ஒரே மனுஷி, நான்தான் அதை எண்ணுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு சோறு போடுகிறார், மாத்திரைக்கு வெந்நீர் வைக்கிறார், முகம் பார்ப்பதில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்கு என் குடத்தை அவரே எடுத்தார். கோயில் தெருவில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் கூரைபோட்ட நடைபாதையில் நான் நின்றேன். முழுக்கைச் சட்டை, பூச்சு, குடை எல்லாம் இருந்தன. திருவிழாவுக்கு அடைத்திருந்த கடையின் இரும்புக் கதவு எனக்குப் பின்னால். இந்த முறையும் ஊர்வலம் தாமதம்தான். வெயில் நடைபாதைக்குள் நுழைந்து தரையில் ஒரு கோடாகக் கிடந்தது. அது நகர நகர நானும் ஓரோர் அடியாகப் பின்னால் போனேன். இங்கே பிறந்து வளர்ந்த பெண்கள் இருவர், இந்தியாவிலிருந்து வந்த ஊர்க்காரப் பொண்ணுக்குப் பவுசைப் பார் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

ஊர்வலம் வந்த சமயத்தில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். திருவிழாவைக் காட்டச் சொன்னாள். போனைத் தூக்கிப் பிடித்தேன். மஞ்சள் சேலையில், வெறுங்காலில், வியர்வை வழிய அத்தை என்னைக் கடந்து போனார். என் நேர்த்திக்கடன் அவர் தலையில் இருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

“நீ எங்கடி நிக்கிற, நிழல்லயா?” என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். “நல்லது, அங்கயே நில்லு. கவிதா கல்யாணத்துக்கு இதே கலரோட வந்து சேரு.”

அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். உறுமிச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. கீழே பார்த்தேன். வெயில் கோடு என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தேன். முதுகில் இரும்புக் கதவு இடித்தது.