இடப்பக்க முன்சக்கரம்

உத்திராபதிக்குக் கட்சி கிடையாது. எழுபத்தொன்றில், குடவாசலுக்குத் தெற்கே இருந்த அவருடைய ஊரில் பாதிப் பேர் சூரியனுக்கும் மீதிப் பேர் அரிவாளுக்கும் கொடி ஏற்றியபோதும் அவர் காது கொடுத்தது ஒரு சத்தத்துக்குத்தான். மிராசுதார் சாரங்கபாணியின் பழைய அம்பாசிடர் பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'கடக்' என்றது. பதினோரு வருஷமாக அவர்தான் அதற்கு டிரைவர்.

புரட்டாசியில் சத்தம் முற்றிவிட்டது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி வாய்க்காலைப் பார்த்துப் போயிற்று. கும்பகோணம் பட்டறை வரை தாங்காது. சனிக்கிழமை காலைக்குள் வீட்டிலேயே சரிசெய்யாவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பதாக மிராசுதார் சொல்லிவிட்டார். குறுவை நெல் முற்றி நின்றது. ஊர் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அறுவடைக்கு இறங்காமல் எட்டு நாள் ஆகிறது. மிராசுதார் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய் வெளியாட்களை அமர்த்தி வர வேண்டும். பஸ்ஸில் போகலாம், ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது.

வெளியாள் வந்து அறுத்துவிட்டால் ஊர்க்காரர்களுக்குத் தை வரை அடுப்பு எரியாது. அவர்களுக்காக விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவள் எல்லையம்மாள். உத்திராபதியின் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை உத்திராபதியின் வீட்டு வாசலில், பூவரசடியில் வேலை தொடங்கியது. தஞ்சாவூரில் வாங்கி வந்த புது இரும்புப் 'பின்'களும் அவற்றைச் சுற்றி மாட்டும் புஷ்களும் முறத்தில் இருந்தன. வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்தார். கொடுக்காமல் நட்டைத் தளர்த்தினால் அந்தக் கை விசிறியடிக்கும். மாயவரத்து மெக்கானிக் ஒருவருக்கு அப்படித்தான் இரண்டு பல் போயிற்று. பழைய பின் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடித்தார். பிறகு சுத்தியலால் தட்ட, வந்தது. கரும்பைக் கடித்துத் துப்பியது போலத் தேய்ந்திருந்தது.

மதியம் வலப்பக்கம் முடிந்தது. முகம் கழுவிவிட்டு இடப்பக்கம் வந்தால், சக்கரத்தை ஒட்டிச் சிவப்புக் கொடி நட்டிருந்தது. சங்கம் கொடி நட்ட வயலில் யாரும் இறங்குவதில்லை. காருக்கு நட்டது அதுதான் முதல் தடவை.

"இது என்னா, வயலா?" என்று எல்லையம்மாளைக் கேட்டார்.

"வயலுக்குத்தானே ஆள் ஏத்திக்கிட்டு வரப் போவுது. அந்தப் பக்கத்த நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்க. அதுக்கு ஒண்ணும் சொல்லல."

அவர் சோறு கேட்டார். போட்டாள்.

நாலு மணிக்கு மிராசுதார் குடையோடு நடந்து வந்தார். காரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். வண்டி ஓடுமா என்று கேட்டார்.

"ஓடுங்க ஐயா. நேராப் போவாது."

"அதைப் பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாரேன்."

"நான் டிரைவருங்க. கொடி என் வேலையில்ல."

மிராசுதாரும் பிடுங்கவில்லை. கொடியைப் பிடுங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்று தாலுகா முழுக்கத் தெரியும். மேற்கே வானம் கறுத்திருந்தது. முற்றிய கதிர் இரண்டு மழை தாங்காது. அவர் குடையை மடக்கி, கீழே கிடந்த ஸ்டெப்னி டயரின் மேல் உட்கார்ந்தார். எல்லையம்மாள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். அரை மணி நேரப் பேச்சில் அவர்கள் கேட்ட உயர்வில் பாதிக்கு அவர் இறங்கி வந்தார். உத்திராபதி அதில் கலந்துகொள்ளவில்லை; முறத்தில் இருந்த புஷ்களுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

மிராசுதார் போனதும் எல்லையம்மாளே கொடியைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

இருட்டுவதற்குள் இடப்பக்கமும் முடிந்தது. சத்தம் போயிற்றா என்று பார்க்க முன்சீட்டில் பாரம் வேண்டும். பதினோரு வருஷத்தில் எல்லையம்மாள் அந்தக் காரில் ஏறியதில்லை. மறுநாள் அறுவடைக்குத் தீட்டிய அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். வாய்க்கால் ரோட்டில் பள்ளமாகப் பார்த்து இறக்கினார். கார் நேராகப் போயிற்று.

"சத்தம் கேக்குதா?"

"இல்ல. திருக்காட்டுப்பள்ளி எவ்வளவு தூரம்?"

"நாப்பது மைல் இருக்கும்."

"அவ்வளவு தூரமா? இந்தச் சீட்டுல உக்காந்து போயிருந்தா உங்க ஐயாவுக்கு இடுப்பு போயிருக்கும்" என்றாள் எல்லையம்மாள்.