தரை டிக்கெட்டில் அழுத சித்தி

அரியலூரில் சிமென்ட் லாரிகள் நிற்கிற இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நனைந்த மணல் வாசம் எழுந்ததும், முன்பு அங்கிருந்த கீற்றுச் சினிமாக் கொட்டகையும், தரை டிக்கெட்டில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முந்தானையைக் கடித்தபடி அழும் சித்தியும் நினைவுக்கு வந்தார்கள். அந்த அழுமூஞ்சிப் படங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சித்தி மாதிரியே மூக்கை உறிஞ்சி நடித்துக் காட்டுவேன். சித்தப்பாதான் விழுந்து விழுந்து சிரிப்பார், இன்னொரு தடவை செய்யச் சொல்வார். பிறகு சித்தி கொட்டகைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அந்தப் படங்களில் ஒன்றை இன்றைக்குச் செல்லில் தேடிப் பார்த்தேன், நானும் அழுதேன். சித்திக்குப் போன் போட்டு, "நல்ல படந்தான் சித்தி, எனக்குத்தான் அப்ப தெரியல" என்றேன்.

"நான் எங்கடி படம் பார்த்தேன்? ஒங்க சித்தப்பா அடிச்சதுக்கு அங்க போயி அழுவேன். எல்லாரும் அழுவுறதால யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதையும் நீ வூட்ல வந்து நடிச்சுக் காட்டிட்ட."