உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கொழும்பிலுள்ள பெரிய ஐ.ரி. கம்பனி ஒன்றின் நேர்முகத்துக்கு நான் ஆயத்தமான அந்த மாதம் எங்கள் வீட்டில் என்னைவிடப் பதற்றமாக இருந்தது அம்மாதான். கம்பஸில் என்னோடு படித்த பலர் விண்ணப்பித்திருந்தாலும், தர்மபுரத்திலிருந்து நான் ஒருத்திதான் எழுத்துச் சோதனையைத் தாண்டியிருந்தேன். இதுவும் கைநழுவினால் கிளிநொச்சியில் ஏதாவதொரு போன் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறெதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எனக்குப் பயிற்சி தந்தது கம்பஸில் எனக்கு முந்திப் படித்த ஒரு அக்கா. அவரும் எங்கள் பக்கத்து முள்ளியவளைக்காரி, இப்போது கொழும்பில் இப்படியொரு கம்பனியில்தான் வேலை. பின்னேரங்களில் போனில் கேள்வி கேட்பார். எல்லா நேர்முகத்திலும் முதலில் வருவது ஒரே கேள்விதான் என்றார்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்குத் தடக்காமல் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்ல வேண்டும். நான் விறாந்தையில் நடந்து நடந்து பாடமாக்கினேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் பெயரும் ஊரும் பள்ளிக்கூடங்களும் அதற்குள் வருவது காதில் விழுந்திருக்கிறது. ஈரக் கையோடு குசினியிலிருந்து வந்து, யாருக்கு இதெல்லாம் சொல்கிறாய் என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன்.

"வேலை தாறவைக்கு உனக்கு வேலை தெரியுமோ எண்டது காணாதே? உன்ரை சரித்திரம் என்னத்துக்கு?"

அம்மாவில் பிழை சொல்ல முடியாது. சண்டை முடிந்த வருடம், அப்பா ஏற்கெனவே இல்லை, நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு. கொஞ்சம் விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் அண்ணாவை முகாமுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவை வெளியில் நிற்கச் சொன்னார்கள். அம்மா நின்றார். அண்ணா இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தவர்கள் கொஞ்சப் பேரல்ல. கணக்கெடுக்க வந்தவர்கள், உதவி தர வந்தவர்கள், ஆராய்ச்சி என்று வந்த பிள்ளைகள். எல்லோரும் பேனையைத் திறந்ததும் முதலில் கேட்டது எங்களைப் பற்றித்தான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்ல வேண்டும். வீட்டில் ஆர் ஆர் என்று கேட்டால், முன்னால் நிற்பவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னமே இது பாடம்.

அக்கா தந்த மற்றக் கேள்விகளையும் அம்மா விடவில்லை. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்களாம் என்றேன். முன்பின் தெரியாதவனிடம் தன் பலவீனத்தைச் சொல்கிற விசரி எவள் என்று கேட்டார். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்றும் கேட்பார்கள் என்றதற்குச் சிரித்தார். சோழியன் குடுமி சும்மா ஆடாது, கவனமாக இரு என்றார்.

இந்தச் சந்தேகம் காய்ச்சல் மாதிரி ஒட்டுகிற வருத்தம். நாலு நாளில் எனக்கும் பிடித்துவிட்டது. இத்தனை பள்ளிக்கூடம் ஏன் மாறினாய் என்று கேட்டால் அதற்குள் என்ன பொறி இருக்கும் என்று யோசித்தேன். கடைசியில் அக்காவையே சந்தேகப்பட்டேன். பின்னேரமெல்லாம் எனக்காக மினக்கெடுகிறாரே, இதில் அவருக்கு என்ன லாபம்? மனம் கேளாமல் கேட்டும் விட்டேன். அக்கா கோபிக்கவில்லை. தானும் தனக்குச் சொல்லித் தந்தவளை இப்படித்தான் கேட்டவள் என்று சிரித்தார்.

பிறகு ஒன்று சொன்னார். நாங்கள் கம்பனிக்காரரைச் சந்தேகப்படுவதைவிட அவர்கள்தான் எங்களைக் கூடச் சந்தேகப்படுவார்களாம். நேர்முகம் வீட்டிலிருந்தே கமராவில் நடப்பதால், பக்கத்தில் யாரோ இருந்து விடை சொல்லித் தருவதாக நினைப்பார்கள். கண் அங்கால் இங்கால் போகக் கூடாது. போனால் கமராவைத் திருப்பி அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "வீட்டைச் சுத்திக் காட்டச் சொல்லுவினமோ?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நேர்முக நாளன்று காலமை, நீ தனிய இருந்து செய், நான் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டார். படலை சாத்துகிற சத்தம் கேட்டபோது, பொய் சொல்லவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். என்னைப் பற்றிச் சொன்னேன். தடக்கவில்லை. புரோகிராமிங் கேள்விகள் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆண் தலையாட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். வேலை கைக்கெட்டிவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் இடப்பக்கம், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சீலை உரசுகிற சத்தம் கேட்டது. குசினி வாசலால் திரும்பி வந்து அம்மா நிலத்தில் குந்தியிருந்தார். என் கண் அங்கே போனது. இழுத்துத் திரைக்குக் கொண்டு வந்தேன். மறுபடியும் போனது.

அந்த ஆண் எழுதுவதை நிறுத்தினார். குரல் மாறியிருந்தது. அறையில் உங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என் வாய்க்குத் தெரிந்த மறுமொழி அது ஒன்றுதான்.

கமராவைத் திருப்பச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு லப்டொப்பைத் திருப்பினேன்.

அம்மா ஒளிக்கவில்லை. எழும்பி நின்று, இடுப்பில் செருகியிருந்த பேர்ஸைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தார். அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி கமராவை நேரே பார்த்தார். அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று அசையாமல் நின்றார்.

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்தப் பெண் இவர் யார் என்று கேட்டார். அம்மா என்றேன். ஏன் அங்கே இருந்தார், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் கமராவுக்கே சொன்னார்.

"பிள்ளையை விசாரிக்கேக்கை ஒருத்தராவது பக்கத்தில நிக்க வேணும். போனமுறை நான் வெளியில நிண்டிட்டன்."

ஏதோ சாமான் எடுக்க வந்தாராம் என்று ஆங்கிலத்தில் சமாளித்திருக்கலாம். அதற்கு வேண்டிய பயிற்சி என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு இந்த ஒளிப்பு மறைப்பு அலுத்துப் போயிருந்தது. அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். போனமுறை விசாரிக்கப்பட்டது யார் என்பதையும் சொன்னேன். பாடமாக்காத ஆங்கிலம், இடையிடையே உடைந்தது.

பிறகு அந்த ஆண், அம்மாவுக்கு ஒரு கதிரை போடுங்கள், கமராவில் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றார். அம்மா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருக்க, மிச்சக் கேள்விகள் நடந்தன. முடிவில், எங்களிடம் ஏதாவது கேட்க விருப்பமா என்றார்கள். அதற்கும் அக்கா ஒரு நல்ல கேள்வி சொல்லித் தந்திருந்தார். நான் வாய் திறக்கமுதல் அம்மா என் முழங்கையைத் தட்டினார்.

"பிள்ளையை உள்ளுக்கு எடுத்தா, பின்னேரம் வெளியில விடுவினமோ எண்டு கேள்."

அதையே கேட்டேன். ஒவ்வொரு நாளும் விடுவோம் என்று அந்தப் பெண் சொன்னார். அம்மா நம்பாமல் இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். அவரும் பொறுமையாக இன்னொரு தரம் சொன்னார்.

வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தைப் பார்த்த அம்மா, சீல் இல்லையே என்று அதையும் சந்தேகப்பட்டார். இப்போது பின்னேரங்களில் வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் அம்மாவுக்குத்தான் முதல் அழைப்பு. வெளியில் வந்துவிட்டேன் என்பேன். ஓம் என்று போனை வைத்துவிடுவார். சாப்பாடு, சம்பளம் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒருநாள் வேலை முடியச் சுணங்கிவிட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. வெளியே வந்து பக்கத்துக் கடையில் சார்ஜ் போட்டு அழைத்தபோது, அம்மா கொழும்பு பஸ்ஸில் வவுனியா தாண்டி வந்துகொண்டிருந்தார்.