சிலோன் தெரியாது என்ற பொன்னம்மா

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு, அவர்களுடைய குடும்பம் எங்கிருந்து புறப்பட்டு எங்கெல்லாம் குடியேறியது என்று தேடித் தருவது என் தொழில். கொடைக்கானலில் எனக்குக் கிடைத்த முதல் கேஸ் கனடாவிலிருந்து வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியா திரும்பிய தன் அத்தையை ரவி என்பவர் தேடினார். அத்தையின் அண்ணனான ரவியின் அப்பா மட்டும் அங்கேயே தங்கிவிட்டவராம்.

பலரிடம் விசாரித்து, பக்கத்திலுள்ள அட்டுவம்பட்டியில் பொன்னம்மா என்பவரின் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். வாசலை மறித்துக்கொண்டே நின்றார்.

"நீங்க சிலோன்ல இருந்து வந்தவங்களாம்மா?"

"சிலோனா? அது எந்தப் பக்கம் கெடக்கு? நாங்க திண்டுக்கல்லு."

சிலோனிலிருந்து திரும்பிய பலர் குடியேறிய இந்த மலையில் சிலோனைத் தெரியாதவர் கிடையாது. எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்போது அவர் மருமகளைப் பார்த்து, "வந்தவருக்குத் தேத்தண்ணி குடு" என்றார். திண்டுக்கல்காரர் யாரும் டீயை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை; அது சிலோன் பேச்சு. என் முகம் மாறியதை அவரும் கவனித்துவிட்டார்.

"யாரு அனுப்புனா? வீட்டக் காலி பண்ணச் சொல்லத்தான வந்திருக்கீக?"

முன்பு ஒருவன் இதே கேள்விகளைக் கேட்டுப் போன பிறகுதான் பக்கத்து வீட்டாரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்களாம். ரவியின் பெயரைச் சொன்னேன். நம்பவில்லை.

"மொதல்ல ஒங்க கதையச் சொல்லுங்க. ஒங்க ஆளுக ஏன் மலையேறுனாக?"

எங்கள் வீட்டில் வெளியே பேசாத விஷயம் அது. தயங்கித்தான் சொன்னேன். "தாத்தா ஒரு வெட்டுக்குத்துல மாட்டிக்கிட்டு ஓடியாந்தவரு."

பொன்னம்மா வாசலைவிட்டு விலகி நின்றார். "சரி, போனப் போடுங்க."

ரவி எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டேன். பொன்னம்மா, "ஒங்கப்பன் என்னைய எப்பிடிக் கூப்புடுவான்?" என்றார்.

"தெரியாது அத்தை. கடைசியில காய்ச்சல்ல கிடக்கேக்க, 'ராசாத்தி, மழை வருது, உள்ளுக்கு வா' எண்டு கத்தினார். அது யாரெண்டு அம்மாவுக்கும் தெரியாது."

பொன்னம்மா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் வீட்டில் அவரை ராசாத்தி என்றுதான் கூப்பிட்டார்களாம்.

"கடைசியிலன்னா? போயிட்டானா அவன்?"

அண்ணன் இறந்தது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ரவி மறுமுனையில் அழுதார். பொன்னம்மா என்னைப் பார்த்து, "இந்தச் சேதியச் சொல்லவா இம்புட்டுக் கேள்வி கேட்டீக?" என்றார்.

இப்போதெல்லாம் ஒரு கேஸை எடுக்கும்போதே, இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாசலிலும் போய் நிற்பதில்லை.