கழுகுமலையில் போட்ட குலவை ஆல்பத்தில் இல்லை

போன மாசி மாதம் சென்னையைச் சேர்ந்த நால்வர் ஜாஸ் குழு ஒன்று தென்மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் வாசித்தது. கழுகுமலைக் கல்யாண மண்டபத்தில் வாசித்ததை நேரலை ஆல்பத்துக்காகப் பதிவு செய்தார்கள். அன்று நானும் இருந்தேன். ஆல்பம் போன வாரம் வெளிவந்தது. அதைத் தனியாகக் கேட்க மனமில்லாமல்தான் மறுபடியும் ரயில் ஏறினேன்.

காரணம் சண்முகத்தாய். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அன்று இரண்டாவது உருப்படியில் சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறியபோது, கோயில் கொடைத் திருவிழாவில் போடுவதுபோல வாய்விட்டுக் குலவை போட்டார். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் "உஷ்" என்று ஓடிவந்தார். சாக்ஸபோன்காரரோ சிரித்துவிட்டு, அந்தக் குலவையை அப்படியே திருப்பி வாசித்தார். இவர் மறுபடி போட, அவர் மறுபடி வாசிக்க, மண்டபமே எழுந்துவிட்டது. முடிந்ததும் அவர் மைக்கிலேயே சொன்னார்: "அக்கா, நீங்க ஆல்பத்துல இருக்கீங்க."

சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு இரவு ரயில், படுக்கை நானூறு ரூபாய்க்குள். அங்கிருந்து கழுகுமலை இருபது கிலோமீட்டர் சொச்சம். சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி, "தீப்பெட்டி ஆபீஸ் ஸ்டாப்" என்றேன். "எந்த ஆபீஸ், அக்கா? வழி நெடுக அதான இருக்கு" என்றார் கண்டக்டர். ஆபீஸின் பெயரைச் சொன்ன பிறகுதான் டிக்கெட் கிழித்தார்.

உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே பெண்கள் தூக்குச்சட்டியோடு கூடிவிட்டார்கள். என் போனில் இரண்டாவது உருப்படியைப் போட்டேன். தன் குலவை ஆல்பத்தில் வரப்போகிறது என்று மாசியிலிருந்து சண்முகத்தாய் சொல்லிக்கொண்டிருந்தாராம். "இவிய மெட்ராஸ்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்காவ. எங் குலவை இப்ப வரும், கேளுங்கட்டி" என்றார்.

வரவில்லை. அது வர வேண்டிய இடத்தில், ஏதோ ஏ.சி. அரங்கில் தட்டிய அளவான கைதட்டலை ஒட்டியிருந்தார்கள்.

"ஏட்டி, உங் குலவை எங்கட்டி? இத்தன நாளும் புளுகவா செஞ்ச?" என்று பக்கத்திலிருந்த பேச்சியம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைப்படத்துக்குக் கழுகுமலை வேண்டும், தலைப்பில் நேரலை என்று போட வேண்டும், அந்த ஊர்க்காரியின் குரல் மட்டும் ஆகாதா?

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லி, போனைக் காதோடு வைத்துக் கேட்டார். "அவரு வாசிக்கது எனக்குச் சொன்ன பதிலுல்லா? அத வச்சுக்கிட்டு, எங் குரல மட்டும் எடுத்துட்டாவளா?" என்றார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கிருந்தே குழுவுக்கு எழுதினேன். "கேட்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நீக்கினோம்" என்று மறுநாள் பதில் வந்தது. யாருக்கு இடைஞ்சல்? மண்டபம் நிறைய உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இல்லையே!

கழுகுமலைக்குப் போகிறவர்கள் வெயில் தாழ மலையேறுங்கள், பகலில் பாறை காலைச் சுடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆல்பத்தை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டாவது உருப்படியில் சாக்ஸபோன் நின்று நின்று வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள். கைதட்டல் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் சண்முகத்தாய் குலவை போட்டார். நான் கேட்டேன், அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் வேலை செய்யும் இடத்தில் இன்றைக்கும் அவரைப் புளுகி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.