எரியாத சரக்கு

எட்டாவது கூடத் தாண்டாதவன் நான். தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டியில் இரும்பு ராடு தூக்குகிற வேலைக்கு வந்து, இன்றைக்கு ஆந்திராவிலும் ஒரிசாவிலும் என் சொந்த ரிக் வண்டிகள் ஓடுகின்றன. பாறையைத் துளைத்துக்கொண்டு பிட்டு இறங்குகிற சத்தத்தை வைத்தே அடியில் தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு நல்ல ஐரிஷ் விஸ்கி ஒன்றைப் பார்த்து வாங்க இன்னொருவர் யோசனை எதற்கு?

விஸ்கி கேட்டவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். மாப்பிள்ளை முறை, என் வயதுதான், தொழிலிலும் பங்கு. ரிக்கோடு போன ஊரிலெல்லாம் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து பிராந்தி குடித்தவர்கள் நாங்கள். பிராந்தியைத் தவிர வேறொன்றை மதித்ததில்லை. அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள், கதிர் சிகிச்சை. அதோடு தொண்டை வெந்துபோய், ரசம் இறங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்குவது சீக்கிரமே நின்றுவிடும், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

திரும்பி வருகையில் கார் வெண்ணந்தூரைத் தாண்டியது. அப்புறம் அவர் தன் மகனைப் பற்றி ஆரம்பித்தார். பையன் அயர்லாந்தில் வேலையில் இருக்கிறான். அந்த ஊர் விஸ்கியை மூன்று தடவை காய்ச்சி வடிப்பார்கள், மெத்தென்று இறங்கும் என்று எப்போதோ போனில் சொல்லியிருந்தானாம்.

"குழாய் சொருகறதுக்குள்ள ஒரே ஒருவாட்டி, எரியாம ஒரு வாய் குடிச்சுப் பாக்கோணும் மச்சா," என்றார்.

அதை என்னிடம் விட்டுவிடு என்றேன்.

சேலத்தில் உசந்த சரக்கு விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் விலை கூடினதைக் காட்டி இதுதான் நல்லது என்றார். விலையைப் பார்த்து மயங்குகிற ஆளா நான்? இருந்த ஐரிஷ் சரக்கில் வகைக்கு ஒன்றாக மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் பல்செட்டு உரசி எனக்கு ஈறில் ஒரு புண். என் மாப்பிள்ளையின் தொண்டைக்கு அதைவிடச் சரியான தராசு கிடைக்காது என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் அந்தப் புண் மேலேயே நிறுத்திப் பார்த்தேன். முதலாவது பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி ஏறியது. இரண்டாவதில் அடுப்புப் புகை நாற்றம். மூன்றாவதோ புண் மேல் நின்றும் சுருக்கென்று குத்தவில்லை. ஒன்றைக் குடித்த வாயால் அடுத்ததை எடை போடக்கூடாது என்று நாளுக்கு ஒன்றாகத்தான் பார்த்தேன். அவசரப்பட்டு எதையும் முடிவு செய்து எனக்குப் பழக்கமில்லை.

தேறின பாட்டிலோடு நான் அவர் வீட்டுக்குப் போனபோது ஊரில் கம்பம் நட்டிருந்தது. முக்கவராகக் கிளைத்த மரத்தை வெட்டி வந்து மாரியம்மன் கோயில் முன்னால் நடுவோம். அதுதான் ஆத்தாளின் புருசன். அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரை ஊருக்குள் கறி கிடையாது, சரக்கு கிடையாது. நோன்பை முன்னால் நின்று நடத்துகிறவனே நான்தான். எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

அதையே அவரிடம் சொன்னேன். காரில் ஏறு, சேந்தமங்கலத்தில் நம் வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஆத்தாளுக்கு விரதம் இருக்க மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"ஏன் மச்சா, ஆத்தாளுக்குச் சேந்தமங்கலம் வரைக்கும் கண்ணு தெரியாதா?" என்றார். "இந்த வருசம் என்ற தொண்டைக்காகக் கட்டியிருக்கறேன். இது தொறந்துட்டா அப்பறம் தெனமும் குடிச்சுக்கலாம்."

தங்கச்சி என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, "ஏனுங்ணா, ஒரு வாய்தானுங்க, எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க," என்றாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத நான் உள்ளே போய்க் கெஞ்சினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கம்பம் பிடுங்குவதற்கு முன்னாலேயே அவர் குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்ப ஆரம்பித்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டுக் கூட்டிவந்தோம். மூக்கின் ஓரத்தில் பிளாஸ்திரி, அதற்குக் கீழே கயிறு போல ஒரு குழாய். கஞ்சியைத் தங்கச்சி பெரிய ஊசியில் ஏற்றி அதில்தான் விட்டாள்.

கம்பத்தைக் கிணற்றில் விட்ட கையோடு, ஈர வேட்டியோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் விட்டுவந்த பாட்டில் அங்கேயேதான் இருந்தது. அவர் அதைக் கண்ணால் காட்டினார்.

"கொழாயிலயே ஊத்து மச்சா."

தங்கச்சி தடுக்கவில்லை. கஞ்சி விட்ட ஊசியைக் கழுவிக் கொடுத்தாள். கொஞ்சம் விஸ்கியில் நிறையத் தண்ணீர் கலந்து நானே விட்டேன். பொன் நிறத்தில் ஒரு கோடு மூக்கை நோக்கி ஏறி உள்ளே போய்விட்டது. எரிகிறதா என்று கேட்டேன்.

"கொழாய்க்கு என்ன தெரியும்? இதுக்கு நம்ம பிராந்தியே போதுமே. மூணு பாட்டல ஊட்ல வெச்சு ஆராய்ச்சி பண்ணுனியே." குரல் காற்றாகத்தான் வந்தது. சிரித்தார் என்று தோள் அசைந்ததில் தெரிந்தது. அப்புறம் சொன்னார், "நீ குடி. குடிச்சுட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லு."

ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்தேன். பேச்சில் என்னை ஜெயித்தவன் கிடையாது. நாக்கில் படும்போதே தேன் மாதிரி, அப்புறம் வறுத்த கடலைப் பருப்பு வாசம், தொண்டையில் இறங்குகிற தடமே தெரியவில்லை என்று சொன்னேன். இன்னொரு வாய் குடித்து இன்னும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினார்.

"போதும் மச்சா. இத்தன சொல்றே, எச்சிலே ஊற மாட்டேங்குது."

கரண்டு வைத்ததிலிருந்தே அவர் வாய் காய்ந்துதான் கிடந்தது. தங்கச்சி துணியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். வயிற்றில் மட்டும் சூடாக இருக்கிறது என்றார் அவர். அதற்குச் சற்று முன்னால்தான் கஞ்சி விட்டிருந்தார்கள். அந்தச் சூடாகவும் இருக்கலாம்.