பேஷ் என்றால் ஐந்து

எங்கள் குரூப்பில் விடிந்ததும் பூ வரும். ரோஜாப்பூ, அதற்குக் கீழே ஒரு தத்துவம். பிறகு சர்க்கரைக்கு ஆவாரம்பூ கஷாயம், அப்ரூவல் வாங்கிய மனை விற்பனை, யாரோ ஒரு கட்சிக்காரனின் பிறந்தநாள். இது பேக்கேமன் ஆடுகிறவர்களின் குரூப். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காக நான் ஆரம்பித்தது. அட்மின் நான்தான். ஆறு வருஷமாக இந்தச் சாக்கடையை அள்ளிக்கொண்டிருக்கிறேன்.

பேக்கேமன் தெரியாதவர்கள் தாயத்தை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு பகடை, ஆளுக்குப் பதினைந்து காய். தனியாக நிற்கும் காயை வெட்டலாம். எல்லாக் காயையும் முதலில் வெளியே எடுத்தவர் ஜெயித்தவர். கல்ஃபில் இதற்குத் தவ்லா என்று பேர். அங்கே பகடை எண்களுக்கும் தனிப் பேர் உண்டு. ஆறு என்றால் ஷேஷ். ஐந்து என்றால் பேஷ். அங்கே லேபர் கேம்ப்பில் இருந்தபோது பிடித்த பழக்கம், புதுக்கோட்டைக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் போகவில்லை. போனில் ஆட ஒரு ஆப் கிடைத்தது. என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள், இன்னும் அங்கேயே கிடப்பவர்கள், அவர்களுடைய மச்சான், பங்காளி என்று ஆள் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை கல்ஃபில் லீவு. அதனால் அன்றைக்கு டோர்னமெண்ட்.

ஆப்பில் ஒரு ஆட்டத்தை மற்றவர்களும் பார்க்கலாம். அவர்கள் எழுதுவது பலகைக்குப் பக்கத்திலேயே ஓடும், ஆடுகிறவர் கண்ணிலும் படும். அதனால் ஒரு விதி எழுதினேன். பார்க்கிறவர் யாரும் எண் சொல்லக்கூடாது, தமிழ், இங்கிலீஷ், கல்ஃப் பாஷை எதிலும். சொன்னால், அதைக் கேட்டு ஆடியவர் தோற்றவர். எழுதியபோது என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

குரூப்பில் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் உண்டு, அறந்தாங்கிக்காரர். எதைப் பார்த்தாலும் "பேஷ்" என்று எழுதுவார். பூவுக்குப் பேஷ், கஷாயத்துக்குப் பேஷ். ஒருவர் தன் தாயார் தவறிய செய்தியைப் போட்டபோது விரல் பழக்கத்தில் அதற்கும் பேஷ் போட்டுவிட்டு அரை நாள் மன்னிப்புக் கேட்டார். அவருடைய பேஷ் பாராட்டு, எண் இல்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கட்டுமாவடியிலிருந்து ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். புரொஃபைலில் படகு போட்டோ. பேச்சு கிடையாது, ஆட்டம் மட்டும்தான். எல்லாரும் "மாப்ளே, கலக்கிட்டீங்க" என்று எழுதுவார்கள். போன வருஷத்துப் பெரிய டோர்னமெண்டில் முதல் சுற்றில் என்னையே தோற்கடித்தார். அரை இறுதியில் நெட் நின்றுபோய் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நெட்டு போயிருச்சுங்க, ரெண்டு நிமிசம் பொறுத்துக்கங்க." பெண் குரல்.

அடுத்த நிமிஷமே அந்த "மாப்ளே" போய்விட்டது. "அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரும்மா" என்றான் ஒருவன். "மாப்ள, ஒன்னைய ஜெயிச்சது ஒரு பொம்பளையாடா?" என்று முந்தைய சுற்றில் தோற்றவனை இன்னொருவன் கிண்டல் செய்தான். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. புருஷன் துபாயிலிருந்து சேர்த்துவிட்ட பெண், அவனுடைய பழைய நம்பரில் ஆடுகிறாள் என்று பிறகு தெரிந்தது. புருஷனும் அவன் ரூமில் இருப்பவர்களும் அதே குரூப்பில்தான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அட்மின் நான் திறந்தேனா? இல்லை.

இறுதி ஆட்டம் ஒரு ஹார்டுவேர் கடை முதலாளியோடு. குரூப்பில் பாதிப் பேர் அவர் கொண்டுவந்து சேர்த்தவர்கள். பரிசு ஒரு மரப் பலகை, சிப்பி பதித்தது, நான் கல்ஃபிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஐந்தும் இரண்டும் விழுந்தன. ஐந்தால் முதலாளியுடைய தனிக் காயை வெட்டலாம், ஆனால் தன் காய் ஒன்று தனியாக மாட்டும். இல்லையென்றால் பத்திரமாக ஒதுங்கலாம். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடியது: "பேஷ்."

அதற்கு முன் அவள் காய் நகர்த்தியதற்கு வாத்தியார் போட்டது அது. அவர் ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் ஆட்டம் அடுத்த உருட்டலுக்குப் போயிருக்கும். அவள் வெட்டினாள். ஜெயித்தாள்.

முதலாளி எனக்குப் போன் போட்டார். "என்னங்க இது, அஞ்சுன்னு சொல்லிக்குடுக்கிறாரு, அந்தம்மா வெட்டுது!"

"அண்ணே, அது வாத்தியாருண்ணே. அவரு எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவாரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பேஷ்னா அஞ்சா இல்லையா? ரூல் எழுதுனது நீங்கதானே? இல்லைன்னா சொல்லுங்க, எங்க ஆளுகளக் கூட்டிக்கிட்டு நான் அங்கிட்டுப் போய் வேற குரூப்பு ஆரம்பிச்சுக்கிறேன்."

வாத்தியாரைக் கூப்பிட்டேன். பாவம், அழாத குறை. "நான் எங்க தம்பி எண் சொன்னேன்? அந்தப் புள்ள நல்லா ஆடுச்சுன்னுல்ல சொன்னேன்."

அதைக் கேட்ட பிறகும் எழுதினேன். விதிப்படி ஆட்டம் செல்லாது, முதலாளி வென்றார் என்று. ஆள் போய்விடுவார்கள் என்ற பயம் ஒன்று. அவளிடம் நான் தோற்றது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது இன்னொன்று. இரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை. வாத்தியாரின் பேஷுக்கு வருஷக்கணக்கில் சிரித்தவர்கள் அன்றைக்கு "அப்பவே டவுட்டு", "வீட்டுல உக்காந்து யாரு ஆடுறாங்களோ" என்று எழுதினார்கள். ஒருவன் "கள்ளாட்டம்" என்றான். நூறு கட்டைவிரல்.

நாலு நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி வந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் என்று நினைத்தேன்.

"நான்தாங்க கட்டுமாவடி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"விளையாட்டுதானேம்மா, விடுங்க" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்கே என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"விளையாட்டுன்னா கள்ளாட்டம்னு எதுக்கு எழுத விட்டீங்க? எங்க வீட்டுக்காரரு ரூம்ல எட்டுப் பேரு. சாப்பிட உக்காந்தா, ஒம் பொண்டாட்டிக்கு எவன்டா அஞ்சு சொல்றவன்னு கேக்குறானுங்களாம். அவரு எனக்குப் போன் பண்ணி, யாரு அந்த வாத்தியாருன்னு கேக்குறாரு. எழுவது வயசு மனுசன், நான் அவரு மூஞ்சியவே பாத்ததில்ல."

முதலாளி இன்னும் வந்து வாங்காத பரிசுப் பலகையை அலமாரியில் காட்டினேன்.

"பலகை எனக்கு வேணாம். எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க. நான் பாத்துட்டு பஸ் ஏறிக்கிறேன்."

ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் நின்றுகொண்டு எழுதினேன். வாத்தியார் எழுதியது பாராட்டு. எண் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காயை அந்த அம்மா தானாக வெட்டினார். ஜெயித்தது அவர். தெரிந்தே தப்பாகச் சொன்னவன் நான்.

அவள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கள்ளாட்டம் என்று எழுதியவன் தன் வரியை அழித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான். இடையில் ஒரு மனை விளம்பரம் வந்தது. துபாய் ரூமிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. புருஷன் படித்துவிட்டான் என்று நீலக் குறி மட்டும் காட்டியது.

கடைசியாக வாத்தியார் எழுதினார்: "பேஷ்."

அவள் அதைப் பார்த்தாள். உதடு லேசாக ஒரு பக்கம் போனது, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியதைப் போட்டோ பிடித்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடை அலமாரியிலிருந்த பலகையை எடுத்து முன்னால் வைத்தேன். "இது ஒங்களோடது."

"வேணாம்னு சொன்னேனே." ஆனாலும் திறந்து பார்த்தாள். பகடை இரண்டையும் உள்ளங்கையில் குலுக்கினாள். நிஜப் பகடையை அன்றைக்குத்தான் தொட்டிருப்பாள். உருட்டவில்லை. அப்படியே வைத்து மூடினாள்.

"வாரேங்க."

பஸ் ஆலங்குடி தாண்டுவதற்குள் குரூப்பிலிருந்து அவளும் வெளியேறிவிட்டாள். அன்று மாலை விதியை அழித்தேன். மறுநாள் விடிந்ததும் பூ வந்தது.